கயிறு பிடித்தவன் பெயர் என்ன?

கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எமது கரையின் மேடைகளுக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடுகிறது. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஊர் வரலாறு கூறும் விழா எதுவாயினும், அது ஒரு கப்பலோடுதான் ஆரம்பமாகிறது. அரபு நாட்டிலிருந்து பாய் விரித்து வந்த கப்பல். அதிலே வாசனைத் திரவியம் தேடி வந்த பெருவணிகர். அவருடைய நேர்மை, அவருடைய செல்வம், அவரை எதிர்கொண்டு வரவேற்ற மன்னர். கேட்பவர் நெஞ்சு நிமிர்கிறது. விழா மலரின் அட்டையையும் அதே கப்பல் அலங்கரிக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கப்பலின் பாயை ஏற்றியவன் யார்? புயலடித்த இரவிலே அதன் அடித்தளத்தில் முழங்கால் நீரில் நின்று இறைத்துக் கொட்டியவன் யார்? இந்தக் கேள்வியை எந்த மேடையும் கேட்டதாக நாம் அறியோம்.

ஒரு சில வணிகரை ஏற்றிவர இருபது முப்பது பேர் உழைத்தாக வேண்டும் என்பது பாய்க்கப்பலின் எளிய கணக்கு. கரையிறங்கிய கால்களில் பெரும்பாலானவை செருப்பில்லாத கால்களாகத்தான் இருந்திருக்கும். அப்படியிருக்க, இத்தனை நூற்றாண்டு கழிந்த பின்பு நாம் அத்தனை பேரும் வணிகரின் பேரப்பிள்ளைகளாகிவிட்டோம். மாலுமிகள் எல்லோரும் சந்ததியற்று மாண்டு போயினர் போலும்!

இந்த மனப்பாங்கு நேற்று முளைத்ததன்று. 1888 ஆம் ஆண்டில் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்பது அவர் வாதம். மறு ஆண்டில் சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்கென ஒரு நியமன ஆசனம் ஏற்பட்டது. 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் எழுதி, சோனகரின் மூதாதையர் அரபு நாட்டவரே என வாதாடினார். ஒரு சிறுபான்மை மக்களின் தனித்துவத்தைத் தம்முள் கரைத்துவிட முனைந்த வாதத்துக்கு மறுப்பு எழுந்தது நியாயமே. அஸீஸின் பேனாவை நாம் குறைகூற வரவில்லை. எனினும் அந்த வாதப் பிரதிவாதத்தின் பின்னால் நின்றது எது? சபையின் ஆசனம். ஆசனத்தை எட்டக்கூடியவர் யார்? கொழும்பிலே கற்றவரும் பொருள் படைத்தவரும். அவர்களுக்கு ஏற்ற மூதாதை தேவைப்பட்டான். அவன் உயர்குலத்தவனாகவும் கைநிறையப் பொருளுள்ளவனாகவும் இருத்தல் வேண்டியிருந்தது. நீர் இறைத்தவனின் வமிசம் எந்த ஆசனத்துக்கும் உதவாது. ஆகவே இரு தரப்பும் அவனைக் கடலிலேயே விட்டுவிட்டன.

அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். சிங்கள மொழியிலே முஸ்லிம்களை 'மரக்கல' என்று குறிக்கும் வழக்கம் பழையது. மரக்கலத்தில் வந்தோர் என்பது அதன் உட்கிடை. சாதாரண வழக்காய் இருந்த சொல்லையே இனவாதி கையிலெடுக்கும்போது அது வசையாகிறது. 'வந்தவர்கள் போகலாம்' என்ற கூச்சலுக்கு அது முன்னுரையாகிறது. வசைபாடுபவன் கப்பலைக் காட்டி எம்மை அந்நியர் என்கிறான். எமது மேடைப் பேச்சாளர் அதே கப்பலைக் காட்டி எம்மை உயர்ந்தோர் என்கிறார். இருவருக்கும் கப்பலுக்குள்ளே வேலை செய்தவனைத் தெரியாது. எமது கிழக்குக் கரையிலோ குடி தாய்வழியே எண்ணப்படுகிறது. கடல் கடந்து வந்த தந்தை எவனாயினும், பிள்ளை இக்கரையில் பிறந்த தாயின் குடிக்கே உரியது. வயல் உழுதவரும், மருதமுனையிலே தறி நெய்தவரும், கரைவலை இழுத்தவரும் சேர்ந்து உண்டாக்கிய வாழ்வு இது. உரிமைக்குச் சான்று வேண்டுமாயின் அந்த உழைப்பைக் காட்டலாம். வணிகரின் பேரேட்டைத் தேடிப்போக வேண்டியதில்லை.

மறக்கப்பட்ட மாலுமிக்கு ஏடு எதுவும் இல்லையே, எதைக்கொண்டு அவன் வரலாற்றை எழுதுவது என்று கேட்பார் உளர். அவனுடைய சாட்சியத்தை நாம் நாள்தோறும் வாயிலே வைத்திருக்கிறோம். 'மாலுமி' என்ற சொல்லைத் தமிழென்றே எண்ணிப் பழகிவிட்டோம். அது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். கற்பிப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். கடலிலே அது வழி அறிந்து செலுத்துபவனைக் குறித்தது. சுக்கானும் அரபு தந்ததே. கலாசியும் அவ்வழி வந்ததே. கப்பல் தலைவனைக் குறிக்கும் நாகுதா பாரசீகச் சொல். பாயும் பாய்மரமும் தமிழாக நிற்க, சுக்கானும் மாலுமியும் அயலிலிருந்து வந்து அவற்றின் அருகே அமர்ந்துகொண்டன. இது எங்ஙனம் நிகழ்ந்தது? சுக்கானுக்குப் பெயர் கேட்டறிபவன் சுக்கானைப் பிடிக்க வேண்டியவனே. கரையிலே காசு எண்ணுபவனுக்கு அந்தப் பெயர் எதற்கு? இரு நாட்டுக் கைகள் ஒரே கயிற்றைப் பற்றியிருந்த இடத்திலேதான் இச்சொற்கள் கைமாறியிருத்தல் வேண்டும். வணிகர் கொணர்ந்த பட்டு கிழிந்து போயிற்று. கலாசி கொணர்ந்த சொல் இன்னும் கிழியவில்லை.

இனி அந்தக் கப்பலின் உள்ளே சென்று பார்ப்போம். மேடைப் பேச்சின் கப்பலுக்கு வாசனை உண்டு. உண்மைக் கப்பலுக்கு நாற்றம் உண்டு. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மரக்கலம் அலையிலே நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே எளிதில் உடையாது. அதே காரணத்தினால் ஓயாமல் கசியும். மீனெண்ணெய் பூசிய பலகையினூடே ஊறி வந்த நீர் அடித்தளத்திலே தேங்கி அழுகும்; அதை இரவும் பகலும் முறைவைத்து இறைக்க வேண்டும். கப்பலிலே மாலுமிக்கென்று அறை கிடையாது. சரக்கு மூட்டைமேல் அகப்பட்ட இடம் அவனுக்குப் படுக்கை. மணல் நிரப்பிய பெட்டியின்மீது அடுப்பு. சோறு, ரொட்டி, பேரீச்சம்பழம், பிடிபட்டால் மீன். மலங்கழிக்கக் கப்பலின் பக்கவாட்டிலே கடலுக்கு மேல் தொங்கும் ஒரு மரக்கூடு. குடிநீரை அளந்தே கொடுப்பர். காற்று ஓய்ந்த நாட்களில் அந்த அளவும் குறையும். பாயைத் திருப்ப வேண்டுமெனில், கப்பலின் நீளத்துக்கு நீண்ட பருமலை எல்லோரும் சேர்ந்து பாய்மரத்தைச் சுற்றிக் கொண்டுசென்று மறுபக்கம் கட்ட வேண்டும். கை வழுகினால் கை போகும். கால் இடறினால் உயிர் போகும்.

இதை நாம் கற்பனையில் எழுதவில்லை. ஸ்பெயினின் கிரனாதாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், 1183 ஆம் ஆண்டில் செங்கடலின் ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடந்தார். தைத்த கலங்களில் ஹாஜிகளைக் கோழிக் கூட்டில் அடைப்பதுபோல் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கி ஏற்றியதை அவர் கண்டார். கப்பலின் விலையை ஒரே பயணத்தில் மீட்டுவிட வேண்டும் என்பதே உரிமையாளரின் நோக்கம். பிறகு கப்பலுக்கு எது நேர்ந்தாலும் அவருக்குக் கவலையில்லை என்று இப்னு ஜுபைர் மனம் நொந்து குறித்திருக்கிறார். அல்லாஹ்வின் இல்லம் நாடிச் சென்றோருக்கே இந்தக் கதியென்றால், அதே கலத்தில் ஆண்டு முழுவதும் உழன்றவனுக்கு என்ன கதி? இலாபம் என்பது மதம் பார்ப்பதில்லை. உரிமையாளரும் தொழுதார், அத்தொழுகை அவருடைய கணக்கை ஒரு காசும் மாற்றவில்லை.

1344 இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்த இப்னு பதூதாவின் பெயர் எமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். இங்கிருந்து மஃபர் கரைக்குச் சென்றபோது அவருடைய கப்பல் புயலிலே சிக்கியது. நள்ளிரவை நோக்கிச் செல்லும் அந்த அபாயத்திலே மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டத் தொடங்கியவர்கள் மாலுமிகள். மன்னரின் பெயர் எமக்குத் தெரியும். பயணியின் பெயர் உலகுக்கே தெரியும். தெப்பம் கட்டிய கைகளின் பெயர் தெரியாது.

அது பழங்காலம் என்று ஒதுக்கிவிடலாமா? அலன் வில்லியர்ஸ் என்ற அவுஸ்திரேலியக் கடலோடி 1938 டிசெம்பரில் ஏடனிலே 'பயான்' என்ற குவைத் நாட்டுப் பாய்க்கப்பலில் ஏறினார். அலீ பின் நாஸிர் அல்-நஜ்தி அதன் நாகுதா. வாடைக் காற்றைப் பின்னே கொண்டு ஹதரமௌத், சோமாலியா, மொம்பாசா, சன்சிபார் எனக் கிழக்கு ஆபிரிக்கக் கரையோரம் இறங்கி, ருபிஜி ஆற்று முகத்துவாரத்தில் கண்டல் மரம் ஏற்றிக்கொண்டு, தென்மேற்குக் காற்றோடு 1939 இன் நடுப்பகுதியில் அக்கப்பல் குவைத் திரும்பிற்று. வில்லியர்ஸ் அந்த மனிதர்களை நேசித்தார். அவர்களுடைய பாட்டையும் திறமையையும் வியந்தார். அந்த வியப்பினிடையேயும் அவருடைய கண் ஒன்றைத் தவறவிடவில்லை. ருபிஜியின் சேற்றிலே நின்று மரம் வெட்டிச் சுமந்து காய்ச்சலில் விழுந்தவர்கள் கடலோடிகளே. அதற்கெனத் தனிக்கூலி கிடையாது. பயணம் முடிந்ததும் உணவுச் செலவைக் கழித்து, மீதியில் பாதி கப்பலுக்கு. மற்றப் பாதி ஆட்களுக்குப் பங்கு. பங்கு வருவதற்கு முன்பே முற்பணம் தின்று தீர்ந்திருக்கும். மாலுமி நாகுதாவுக்குக் கடன். நாகுதா வணிகனுக்குக் கடன். ஆறு மாதக் கடலிலிருந்து இறங்கியவன் கடனை அடைக்க முத்துக்குளிப்புக்கு ஓடுவான். அங்கே இன்னொரு கடன். காற்று பருவந்தோறும் திசை மாறிற்று. கடன் மட்டும் என்றும் ஒரே திசையில் வீசிற்று.

அரபுக் கடலின் கதை எமக்கெதற்கு என்பவருக்கு எமது தீவின் கதையொன்றும் உண்டு. வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளைக் கொண்டு அது சுயெஸ், மத்தியதரைக் கடல் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ட் 1 ஆம் நாள் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. யாழ்ப்பாணக் கரையின் மரமும் தமிழ்க் கைகளும் கொண்டு நிகழ்ந்த அருஞ்செயல் அது. ஆனால் அக்கப்பல் அங்கே அடைந்தபோது அதன் பெயர் அன்னபூரணி அன்று. உரிமையாளர் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சீ. ரொபின்சன்' என்று அதற்கு மறுபெயர் சூட்டியிருந்தார். விலை கொடுத்தவருக்குப் பெயர் சூட்டும் உரிமை கிடைத்தது. அலையைக் கடந்தவருக்கு அது கிடைக்கவில்லை. வல்வெட்டித்துறை மக்கள் தம் மாலுமிகளின் நினைவைப் பேணி வருகிறார்கள்; அதற்கு அவர்களைப் பாராட்டுகிறோம். அந்த நினைவு எமது கரைக்கும் தொற்ற வேண்டும்.

பாய்க்கப்பலின்மீது உலகுக்கு இப்போது புதுக்காதல் பிறந்திருக்கிறது. 1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாக வைத்து, ஓமானிலே பலகை தைத்து 'மஸ்கத்தின் மணி' என்ற கப்பலைக் கட்டினார்கள். 2010 இல் அது மஸ்கத்திலிருந்து கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது. காலியிலே அதற்குப் புதிய பாய்மரம் நட வேண்டியிருந்தது. சிறந்த ஆய்வுப் பணி, மறுக்கவில்லை. பழைய கயிறு, பழைய தையல், பழைய பாய் எல்லாவற்றையும் அவர்கள் மீட்டெடுத்தார்கள். பழைய கடனை மட்டும் மீட்டெடுக்கவில்லை, மீட்டெடுக்கவும் முடியாது. கடன் இல்லாத கலாசி உல்லாசப் பயணிதான். அந்தக் கப்பலின் படத்தைச் சுவரில் மாட்டி 'இப்படித்தான் வந்தார்கள் எம் முன்னோர்' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோர், பாதியைத்தான் காட்டுகிறார்கள்.

அப்படியாயின் மறுபாதி எங்கே இருக்கிறது? அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். கல்முனைக் கடற்கரைக்கு வந்து பாருங்கள்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் இயந்திரப் படகின் ஆட்களைக் கேளுங்கள். இலங்கையின் பலநாட் கலங்கள் வாரக்கணக்கிலே, சிலவேளை ஒரு மாதத்துக்கு மேலும், கடலிலே நிற்கின்றன. ஐந்தாறு பேர், ஒரு சிற்றறை, பனிக்கட்டி நிரம்பிய மீன் அறை, அதன்மேல் எண்ணெய் நாற்றம். குடிநீர் அளவு, உறக்கம் அரைகுறை. கரை திரும்பியதும் எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்து, பெரும்பாலும் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. குவைத்தின் பயான் கப்பலின் கணக்கும் இதுவல்லவா? பயணத்துக்கு முன்பே வீட்டுக்கு அரிசி வாங்க முற்பணம்; மீன் அகப்படாவிடில் முற்பணம் கடனாகி அடுத்த பயணத்துக்கும் அவனை அதே படகிலே கட்டிப்போடுகிறது. மாறியது ஒன்றுதான்: பாய் போய் இயந்திரம் வந்தது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. பாய்க்கப்பலுக்குக் காற்றிருக்கும்வரை வழியிருந்தது. நடுக்கடலிலே இயந்திரம் நின்றுவிட்டால் இப்படகுக்கு எதுவுமில்லை. நீரோட்டம் கொண்டுபோன இடத்துக்குப் போகும். தப்பித் தவறி அந்நிய எல்லைக்குள் புகுந்தால் சிறையிருப்பவன் கயிறு பிடித்தவனே. படகின் பத்திரம் வைத்திருப்பவர் அல்லர்.

கப்பற் பெருமை பேசும் கரைக்கு ஒரு துறைமுகமும் கிடைத்தது. துறைமுக அமைச்சராக இருந்த எம். எச். எம். அஷ்ரப் கண்ட கனவு ஒலுவில் துறைமுகம். 2000 செப்டெம்பரில் அவர் உலங்கு வானூர்தி விபத்திலே மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. வந்தது மணல், வாயிலை அது அடைத்தது. அணைகளால் நீரோட்டம் தடைப்பட, ஒலுவில் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் சரிந்தன. கரைவலைத் தோணி இழுத்து வைக்க இருந்த மணற்பரப்பும் போயிற்று. கடலோரத்திலே வாழ்பவனிடம், மணல் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் நகர்கிறதென்று கேட்டறிந்து, அவன் சொல்லைத் திட்டத்தின் நடுவே வைத்திருந்தால் இந்த அவலம் இவ்வளவுக்கு வளர்ந்திருக்குமா? வணிகனின் கப்பலுக்கென்று திட்டமிட்டார்கள். மீனவனின் தோணி அதன் விலையைக் கொடுத்தது. வரலாற்றை எப்படிப் பேசுகிறோமோ அப்படியே திட்டமும் தீட்டுகிறோம்.

சட்டமாவது அவனை நினைத்ததா? 2006 ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2013 ஓகஸ்டிலே அது நடைமுறைக்கு வந்தது. ஊதியம், ஓய்வு, உணவு, மருத்துவம், தாயகம் திரும்பும் உரிமை ஆகிய அனைத்தையும் அது வகுத்துரைக்கிறது. நற்காரியம். ஆனால் அதன் இரண்டாம் உறுப்புரையை ஊன்றிப் படியுங்கள். மீன்பிடிக் கலங்களும், டௌ, ஜங்க் போன்ற மரபுவழிக் கலங்களும் இதற்குள் அடங்கா என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. எமது மேடைகள் புகழும் பாய்க்கப்பலின் கலாசியும், எமது கரையின் இன்றைய ஆழ்கடல் மீனவனும் ஒரே வாக்கியத்திலே வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். அவ்விருவரையும் ஒரே இனமென்று உலகச் சட்டமே இனங்கண்டுவிட்டது. உறவு தெரியாமல் நிற்பது நாம்தான்.

மீனவனுக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்று உண்டு. 2007 இல் நிறைவேறி 2017 இல் நடைமுறைக்கு வந்த 188 ஆம் இலக்க உடன்படிக்கை அது. எழுத்திலான வேலை ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் கலத்திலே 24 மணிக்குள் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. போதிய உணவும் குடிநீரும் கலத்தின் உரிமையாளரே தர வேண்டும் என்கிறது. அதிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது: பங்குமுறை ஒப்பந்தத்திலே எழுதிக்கொண்டால் உணவுச் செலவைப் பயணச் செலவோடு சேர்த்துக் கழிக்கலாம். ஒப்பந்தம் எழுதும் மேசையிலே மீனவன் தனியாக அமர்ந்தால் அந்தக் கதவு வழியே அவன் சோறு போய்விடும். சங்கமாக அமர்ந்தால் கதவை அவனே சாத்தலாம். ஆசியாவிலே தாய்லாந்து 2019 இல் முதன்முதலாக இதை ஏற்றது. எமது கரையிலே இதன் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

மீனுக்கு மட்டும் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது. 2015 இன் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. அரசு விழித்துக்கொண்டது, ஆழ்கடற் கலங்களில் இருப்பிடங்காட்டும் கருவி பொருத்தப்பட்டது, பிடித்த மீனுக்கு ஏடு எழுதும் முறை இறுக்கப்பட்டது, 2016 இல் தடை நீங்கியது. ஒரு சூரை மீன் எந்த அகலக்கோட்டில் பிடிபட்டதென்று இன்று சொல்ல முடியும். அதைப் பிடித்தவன் முந்திய இரவு உறங்கினானா, கையிலே தூண்டில் கிழித்த புண்ணுக்கு மருந்திட்டானா என்பதைப் பதிய எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. விற்பனைக்குத் தடை வந்ததும் பாய்ந்து செயற்பட்ட அதிகாரம், ஆட்கள் காணாமற்போகும்போது அதே வேகத்தைக் காட்டட்டும் என்று கேட்பது பேராசையா?

'இப்படியெல்லாம் எழுதிச் சமூகத்தின் பெருமையைக் குலைக்கிறீர்களே' என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்வோம். நட்சத்திரத்தைப் பார்த்து வழியறிந்தவன், காற்றின் வாசனையில் மழையை உணர்ந்தவன், உடைந்த மரத்தைக் கடலிலேயே செப்பனிட்டவன் மூதாதையாக இருப்பதில் என்ன இழிவு இருக்கிறது? இழிவு எங்கே இருக்கிறதென்றால், அவன் பெயரை மறைத்துவிட்டு அவன் ஓட்டிய கப்பலை மட்டும் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. மூத்தாப்பா கலாசி என்று சொல்ல நாணும் பேரன், தன் தெருவிலுள்ள மீனவனைப் பள்ளிவாசல் நிருவாகத்திலும் திருமணப் பந்தியிலும் பின்வரிசைக்குத் தள்ளத் தயங்கமாட்டான். பொய்யான வமிசப் பெருமையின் பயன் இதுதான்: அது இறந்தவரை உயர்த்துவதுபோல் காட்டி, உயிரோடிருப்பவரைத் தாழ்த்துகிறது.

எனவே எமது கோரிக்கைகள் சில. ஊர் வரலாறு எழுதுவோர், கடற்கரையிலே எஞ்சியிருக்கும் முதிய கடலோடிகளிடமும் தண்டயல்மாரிடமும் சென்று, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் அவர்கள் வழங்கும் சொற்களையும் அவர்களுடைய பங்குக் கணக்கையும் எழுதி எடுக்கட்டும். ஒலுவிலிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர் இருக்கிறார்கள், காலந்தான் போதாது. 188 ஆம் உடன்படிக்கையின் பாதுகாப்புகள் அனைத்தும் எமது மீனவனுக்குச் சட்டமாகி, அச்சட்டம் தமிழில் அச்சாகி, ஒவ்வொரு மீனவர் சங்கத்தின் சுவரிலும் ஒட்டப்படட்டும். பங்குக் கணக்கு வாய்க்கணக்காக இராமல் எழுத்தாகி, ஒரு பிரதி மீனவன் வீட்டிலிருக்கட்டும். கடலிலே காணாமற்போனவனின் குடும்பம் மரணச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையாதிருக்கட்டும்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலே ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறுகிறது. கடலோடிகளின் காவலர் அவர். தொலைவிலே ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்கத் தொடங்கிய வேளை, நாவிதர் முன் அமர்ந்திருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது சென்று ஓட்டையை அடைத்தது என்பது மக்கள் சொல்லிவரும் கதை. அக்கதையைப் படைத்த மக்கள் யாராக இருப்பர்? கப்பலின் செல்வத்தைக் கண்டு மயங்கியவர் அக்கதையைப் படைத்திருந்தால் ஆண்டகை பொன்னையோ மிளகையோ காப்பாற்றியிருப்பார். ஓட்டையின் அச்சத்தை அறிந்தவன், கசியும் பலகையின் ஓசையை இருட்டிலே கேட்டுக் கிடந்தவன், தன் பாட்டை அறிந்த ஒருவர் வேண்டுமென்று ஏங்கினான். அந்த ஏக்கமே கதையாயிற்று. கொடியேற்றத்தைக் காண ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். கொடிமரத்துக்கு அப்பால் சற்றுத் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்கும் படகுகளிலே இன்றும் நீர் கசிகிறது. இன்றும் ஒருவன் குனிந்து இறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது எமது முதல் வேலை. அவனோடு சேர்ந்து ஓட்டையை அடைப்பது அடுத்த வேலை.